குப்பை என்று சொன்னது யார்?

சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையின்போது, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலே சஃபொக் மாவட்டத்தில் வாழும் எம் தம்பியின் வீட்டில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அயல்வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். தபாற்கந்தோரிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் விடியற்காலையில், சாப்பாட்டுத் தட்டளவான ஒரு வட்டச் சுருளை நுனியிலே தாங்கிய நீண்ட கோலொன்றைத் தோளிற் சாய்த்துக்கொண்டு, மறுகையில் ஒரு சிறு மண்வெட்டியுடன் அவர் வயலை நோக்கிப் புறப்படுவார்.

“எங்கை போறார்?” என்று தம்பியிடம் கேட்டோம்.

“காசு தேடப் போறார், அண்ணை. நாங்கள் காசு தேடி இந்த நாட்டுக்கு வந்தம். அவர் இஞ்சையே பிறந்து மண்ணுக்கை தேடுறார்.”

தம்பி சிரித்தான், நாமும் சிரித்தோம். ஆயினும், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு உலோகங்காண் கருவி ஒன்றைக் கண்டபின் மனம் சும்மா இருக்குமா? அடுத்த ஞாயிறு முதியவருடன் நாமும் தம்பியும் புறப்பட்டோம். தம்மிடமிருந்த இரண்டாவது கருவியை அவர் எமக்கு இரவல் தந்தார்.

பார்லி அறுத்து முடிந்த வயல். அரிதாள் மட்டுமே நின்றது. காணிக்காரரிடம் முதியவர் முன்னரே அனுமதி பெற்றிருந்தார். கருவியை நிலத்தோடு ஒட்டினாற்போல இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடக்கவேண்டும். நாம் நடந்தோம். பத்தடி செல்லுமுன் கருவி கூவியது. மண்டியிட்டுத் தோண்டினோம். சோடாப் போத்தல் மூடி! மறுபடி கூவியது, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். பின்னும் கூவியது, பானப் பேணியைத் திறக்கும்போது கழன்று விழும் அலுமினிய வளையம். ஒரு மணி நேரத்தில் எம் சட்டைப்பை ஒரு குப்பைத் தொட்டியாயிற்று. எடுத்த குப்பையை மீண்டும் வயலில் எறிதலாகாது என்பதும், தோண்டிய குழியை மூடிவிட்டே அப்பாற் செல்லவேண்டும் என்பதும் முதியவர் இட்ட கட்டளைகள்.

எம் நிலை கண்டு இரங்கிய அவர், தம் கலையை எமக்குக் கற்பிக்கத் தொடங்கினார். நாற்பது மாணவருக்கு முன்னின்று பேசியே பழகிய நாம், அன்று ஒரு வயல்வரம்பில் நின்று மாணவரானோம்.

கருவியின் இயல்பு இது: சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுள் ஒரு காந்தப் புலத்தைச் செலுத்துகின்றது. அப்புலம் உலோகம் ஒன்றை எட்டியதும், அவ்வுலோகத்தினுள்ளே சிறு மின்னோட்டங்கள் சுழலத் தொடங்குகின்றன. அவை தம் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை எழுப்பி மறுமொழி அனுப்புகின்றன. அந்த மறுமொழி சற்றுப் பிந்தியே வரும். வெள்ளியும் தடித்த செம்பும் மின்னை நன்கு கடத்துவன. அவற்றின் மறுமொழி அதிகம் பிந்தும். மெல்லிய ஈயத்தாளின் மறுமொழி குறைவாகவே பிந்தும். இரும்போ தன் காந்த இயல்பினால் வேறொரு வகையாக விடையளிக்கும். இந்தப் பிந்துதலை அளந்து, கருவி ஓர் எண்ணையும் ஓர் ஒலியையும் தருகின்றது. இரும்புக்குத் தாழ்ந்த உறுமல்; வெள்ளிக்கு உயர்ந்த மணியோசை; ஏனையவை இவ்விரண்டுக்கும் இடையே.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ‘இது காசு’ என்றோ ‘இது குப்பை’ என்றோ கருவி ஒருபோதும் சொல்வதில்லை. மின் எவ்வளவு ஓடுகிறது, பொருள் எத்துணைப் பருமன் என்பவற்றையே அது தெரிவிக்கின்றது. மெல்லிய பொன் மோதிரமும் பேணியின் அலுமினிய வளையமும் பெரும்பாலும் ஒரே எண்ணையே காட்டும். தட்டையான இரும்பு மூடியோ சில வேளைகளில் வெள்ளிக்காசு போலவே இனிமையாய்ப் பாடி ஏமாற்றும். இதற்கு மறுதலையாக, நூறாண்டுக்கு முன் வெண்கலத்தில் அடித்த பெனிக்காசு தெளிவாக ஒலிக்கும். 1992ஆம் ஆண்டு முதல் உருக்கின்மேற் செம்பு பூசி வெளியிட்ட பெனியோ இரும்பைப் போலக் கரகரக்கும். காசும் குப்பையாக ஒலிக்கும். குப்பையும் காசாக ஒலிக்கும்.

“அப்படியானால் எவ்வாறு பிரித்தறிவது?” என்றோம்.

முதியவர் தம் பழக்கங்களைச் சொன்னார். ஒலி கேட்ட இடத்தை ஒரு திசையில் மட்டும் சோதித்தல் போதாது. கால்வட்டம் சுற்றிவந்து குறுக்காகவும் சோதிக்கவேண்டும். வட்டமான காசு எப்பக்கத்திலிருந்தும் ஒரே ஒலி தரும். நீண்ட ஆணியின் ஒலி திசை மாறியதும் உடையும், அல்லது மறையும். சுருளை மெல்ல மேலே உயர்த்திப் பார்க்கவேண்டும். காசின் ஒலி விரைவில் தேய்ந்துவிடும், பெரிய பேணியின் ஒலி முழங்காலளவு உயர்த்திய பின்னும் கேட்கும். காசின் ஒலி குறுகி, இரு பக்கமும் வெட்டினாற்போல நிற்கும்; மூடியின் ஒலி ஓரங்களிற் சிதறும். ஆழத்திலுள்ள காசும், ஆணிக்கு அருகே கிடக்கும் காசும், விளிம்பு மேலாகச் செங்குத்தாய்ப் புதைந்த காசும் தெளிவாகப் பேசமாட்டா. இவை அனைத்தையும் கூறியபின் அவர் சொன்னார்: “இருந்தும், நான் இன்றுவரை தோண்டியவற்றில் பெரும்பகுதி குப்பைதான். குப்பையைத் தோண்டித் தோண்டியே என் காது இவ்வளவும் கற்றது.”

அந்த மாவட்டத்துக்கு இத்துறையில் ஒரு தனிப்பெருமை உண்டு. 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் தேதி, அங்குள்ள ஹொக்சன் என்னும் ஊரில், கமக்காரர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிச் சென்றார் எரிக் லோஸ் என்பவர். அவர் கண்டதோ றோமர் காலப் புதையல். காசுகள் மட்டும் ஏறத்தாழ 15,000. அவர் முழுவதையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. தோண்டுவதை இடையில் நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்தார். அதனாலே தொல்லியலாளர் வந்து, எது எதன்மேற் கிடந்தது என்ற ஒழுங்கு கெடாது எஞ்சியதை எடுக்க முடிந்தது. தேடிப்போன சுத்தியலும் அகப்பட்டது. அது இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. புதையல் தோண்டப்போய்ப் பழைய விகாரைகளையும் கோயில்களையும் சிதைப்போர் மலிந்த எம் நாட்டில், இக்கதை மாணவர்க்குச் சொல்லத்தக்கது. தொல்பொருள் தேடி உரிமமின்றி அகழ்தல் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி இங்கு குற்றமென்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நிற்க. நண்பகலளவில் எமக்குச் சலிப்புத் தட்டியது. கருவியில் ஒரு வசதி இருந்தது. வேண்டாத எண்களைத் தெரிந்து அடைத்துவிட்டால், அவற்றுக்குரிய பொருள்களைக் கண்டும் கருவி வாய் திறவாது. நாம் இரும்பை அடைத்தோம்; ஈயத்தாளை அடைத்தோம்; அலுமினிய வளையத்தையும் அடைத்தோம். என்ன அமைதி! குனிந்து நிமிரும் வேலை ஒழிந்தது. கல்லூரி முற்றத்தில் உலாவுவது போல வயலின் இக்கரையிலிருந்து அக்கரை வரை நிமிர்ந்து நடந்தோம்.

திரும்பிப் பார்த்தபோது, நாம் நடந்துவந்த தடத்திலேயே முதியவர் மண்டியிட்டிருந்தார். அருகிற் சென்றோம். ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணுருண்டையை அவர் விரல்களால் மெல்ல உடைத்தார். உள்ளே விரல்நகம் போன்ற மிக மெல்லிய வெள்ளித் துண்டொன்று. ஒரு பக்கம் வளைவு; இரு பக்கம் நேர்வெட்டு. இடைக்கால இங்கிலாந்தில் சில்லறை இல்லாக் குறையைப் போக்க, வெள்ளிப் பெனியை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிப் புழங்கினார்கள். அக்காசின் ஒரு புறத்திலிருந்த சிலுவைக்கோடு வெட்டுதற்கு வழிகாட்டியது. அத்தகைய பெனியொன்றின் காற்பங்கே அவர் கையிலிருந்தது. ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் ஏழை உழவன் சந்தைக்குச் செல்கையில் மடியிலிருந்து தவறவிட்டது போலும். வெள்ளியே ஆயினும், அத்துணைச் சிறியதும் மெல்லியதுமாதலால் அது ஈயத்தாளின் எண்ணையே காட்டியிருந்தது.

“அண்ணை, நீங்கள் அந்த இடத்தாலைதானே போனீங்கள்?” என்றான் தம்பி.

“போனோம். கருவி சத்தம் போடவில்லை.”

இதைத் தம்பி மொழிபெயர்த்துச் சொன்னதும், முதியவர் நிமிர்ந்து எம்மைப் பார்த்தார். “போட்டிருக்கும். போடவேண்டாமென்று நீங்கள்தாம் சொல்லியிருந்தீர்கள்.”

கடிந்து சொல்லவில்லை. காசு கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவட்டத்துத் தொல்பொருட் பதிவு அலுவலரிடம் காட்டவேண்டுமென்று அதைச் சிறு டப்பாவில் இட்டார். எமக்கோ அச்சொல் நெஞ்சில் தைத்தது.

அன்றிரவு இக்கருவியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தோம். 1881ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, அவர் உடலிற் புதைந்த குண்டைத் தேடத் தொலைபேசி கண்ட கிரகம் பெல் இத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். கட்டில் மெத்தையின் உருக்குச் சுருள்கள் குறுக்கே நின்று ஒலியைக் கெடுத்தன. குண்டு வலப்பக்கத்திலேயே உள்ளதென்று முன்னரே முடிவு செய்துவிட்ட மருத்துவர், அப்பக்கத்தையே சோதிக்கவிட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கத்தில். சனாதிபதி இறந்தார். பின்னர், இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டுப் படையதிகாரி யோசெப் கொசாக்கி அமைத்த கண்ணிவெடி காணும் கருவி, 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் கண்ணிவெடிகளை அகற்ற உதவியது.

கண்ணிவெடி என்ற சொல்லிலே எம் கண் நின்றுவிட்டது. உலோகங்காண் கருவியை நாம் முதன்முதலிற் கண்டது இங்கிலாந்திலன்று. எம் தாயாரின் சீதனக் காணியில் அன்றோ?

அக்காணி பளைக்கு அணித்தாய் உள்ளது, முன்னர் தென்னந்தோட்டம். போர்முனை பல்லாண்டு முகமாலையூடாகக் கிடந்தமையால், 2009இற் போர் ஓய்ந்த பின்னும் அந்நிலம் மனிதர் கால் வைக்கும் நிலமாகவில்லை. கண்ணிவெடி அகற்றுவோர் அங்கு வந்த காலத்தில் ஒருநாள், அனுமதி பெற்றுப் பார்க்கச் சென்றோம். சிவப்புப் பலகைகள், கயிறு கட்டிய ஒடுங்கிய பாதை, அதிலே முகக்கவசம் அணிந்து மண்டியிட்டிருந்த பெண்கள். இடைவேளையில் அவர்களுள் ஒருத்தி கவசத்தைக் கழற்றிவிட்டு எம்மிடம் வந்தாள்.

“சேர், என்னைத் தெரியுதோ?”

தெரிந்தது. பத்தாம் வகுப்பிற் பின்வாங்கில் இருந்தவள். வீட்டுவேலை செய்து வருவதில்லை, கேட்டால் தலைகுனிவாள். அவளுடைய தேர்ச்சி அறிக்கையில், ‘கவனமற்றவர், முன்னேற்றத்துக்கு இடமில்லை’ என எழுதிய கை எம்முடையதே. அடுத்த ஆண்டு அவள் பாடசாலையை விட்டு விலகினாள். தந்தை காணாமற் போக, தாய் நோயுற, தம்பியர் இருவரையும் அவளே சமைத்துப் போட்டு வளர்த்தாள் என்பதைப் பின்னர் பிறர் சொல்லவே அறிந்தோம்.

அன்று அவள் தன் தொழிலை எமக்கு விளக்கினாள். “பிளாஸ்ரிக் வெடியிலை இரும்பு கொஞ்சந்தான் சேர் இருக்கும். சத்தமும் கொஞ்சந்தான் வரும். அதாலை ஒரு சத்தத்தையும் விடேலாது. முழுக்க ஆணியும் வெற்றுத் தோட்டாவும்தான் வரும். நூறு தரம் ஆணி வந்தாலும், நூற்றோராந் தரமும் ஆணியெண்டு நினைக்கப்படாது.”

கவனமற்றவர் என்று நாம் எழுதிய பிள்ளை, எம் தாயின் மண்ணை விரலங்குலமாகச் சுரண்டி, எமக்கு மீட்டுத் தந்துகொண்டிருந்தாள். அன்று அவளை வாழ்த்திவிட்டு வந்தோமேயன்றி, அச்சொற்களின் பொருளை முழுதும் உணர்ந்தோமல்லோம். கடல் கடந்து, ஒரு காற்காசைத் தவறவிட்ட இரவிலேதான் அது எமக்கு விளங்கிற்று.

காசு தேடுவோன் சில ஒலிகளை அடைத்துவிடலாம்; பிழைத்தால் இழப்பது ஒரு காசு. வெடி அகற்றுவோள் அடைத்தலாகாது. பிழைத்தால் இழப்பது கால், அல்லது உயிர். ஆசிரியன் இவ்விருவருள் எவரைப் போன்றவன்? இருபது ஆண்டுகளாக நாம் முன்னவரைப் போலவே நடந்திருக்கிறோம். நாற்பது பிள்ளைகளின் நடுவே தெளிவாய் ஒலிப்பவரை எடுத்துக்கொண்டு, மற்ற எண்களை அடைத்துவிட்டு, வகுப்பு அமைதியாயிருக்கிறதென்று மகிழ்ந்திருக்கிறோம். மங்கலாய் ஒலித்தவர்கள் ஆழத்திற் கிடந்தார்களா, ஆணிக்கு அருகே கிடந்தார்களா என்று சுற்றிவந்து பார்த்தோமல்லோம்.

சென்ற தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கைகள் மேசையில் குவிந்தன. ஒரு மாணவனின் பெயருக்கு நேரே, கை பழைய பழக்கத்தில் அதே இரு சொற்களை எழுத ஓடியது. பேனையை வைத்துவிட்டோம். அந்த இடத்தை வெறுமையாய் விட்டு, மறுநாள் பாடசாலை விட்டபின் அவனை அழைத்து, ஆய்வுகூடத்து வாங்கில் அருகே இருத்திப் பேசினோம். முதல்நாள் அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் பேசினான்.

அவன் சொன்னது எமக்கும் அவனுக்கும் உரியது, இங்கு எழுதுதற்குரியதன்று. ஆனால், அது ஆணியுமன்று, ஈயத்தாளுமன்று.