அல் வத்பாவில் ஓடும் குதிரைகள்

அபூதாபி நகருக்குத் தென்கிழக்கே, பாலைவனத்தினுள் இருக்கிறது அல் வத்பா. ஒட்டகப் பந்தயத்துக்குப் பெயர்போன இவ்விடத்தில் நெடுந்தூரக் குதிரையோட்டங்களும் நடக்கின்றன. பெரிய ஓட்டத்தின் தூரம் 160 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து காலி வீதியால் மாத்தறைக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குதிரை, ஒரே நாளில்!

என்னோடு ஓதிய நண்பர் ஒருவர் அந்நாட்டில் இமாமாக இருக்கிறார். அவரிடம் போயிருந்த சமயம், ஸுபஹுத் தொழுத கையோடு அங்கே கூட்டிச் சென்றார். மாரிகாலமாதலால் விடியும்போது நல்ல குளிர். பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. குதிரைகளுக்குப் பக்கத்தாலேயே வாகனங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுகின்றன. உதவியாளர்கள் நீட்டும் போத்தலை வாங்கிச் சவாரி செய்பவர் குதிரையின் கழுத்தில் ஊற்றுகிறார். அது உடற்சூட்டைத் தணிக்க. குடிப்பது வேறு விஷயம்.

குதிரைகளின் கழுத்தில் சவர்க்காரம் தேய்த்ததுபோல் வெள்ளை நுரை. வியர்வையிலுள்ள ஒரு வகைப் புரதம்தான் அப்படி நுரைக்கிறது. உஷ்ணத்தில் ஓடும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லீற்றர் வரை வியர்க்கும். மனிதரின் வியர்வையில் உப்பு இரத்தத்திலுள்ளதைவிடக் குறைவு. எனவே வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது, தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையோ இரத்தமளவு, சிலவேளை அதைவிடவும் உப்பானது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் அந்தச் செறிவு ஏறுவதில்லை. உடம்பு வறண்டுகொண்டே போகும், தாகம் மட்டும் தெரியாது! வாளியை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "வேண்டாமென்றால் விடு" என்று மனிதன் இருந்துவிட்டால் அந்த வாயில்லாச் சீவனின் கதி என்ன?

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு வெறும் தண்ணீர் போதாது, ஜீவனி கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது நம் தாய்மார் அறிந்ததே. இங்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் இரத்தத்தின் உப்பு இன்னும் ஐதாகி, இழந்தது சேருமுன்பே குதிரை குடிப்பதை நிறுத்திவிடும். முதலில் சற்று உப்பிட்ட தண்ணீரும் பிறகு சாதாரணத் தண்ணீரும் வைத்தால் கூடுதலாகக் குடிப்பதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு சுற்றும் முடிய மிருக வைத்தியர்கள் சோதிக்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் இருதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கியாக வேண்டும். தோலைக் கிள்ளி விடுகிறார்கள். மெதுவாகப் படிந்தால் நீர் வற்றியிருக்கிறது. முரசை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். குடலின் ஓசை அடங்கியிருந்தால் அதுவும் ஆபத்தின் அறிகுறி.

இவ்வளவு இருந்தும் விதிகள் ஏட்டோடு நின்றதுண்டு. குதிரைகளின் நலன் பேணப்படவில்லை என்று 2015 மார்ச்சில் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் அந்நாட்டுச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. சில மாதங்களில் நிபந்தனைகளோடு தடை நீங்கியது. குதிரையைக் கூடாரத்துக்குள் வைத்து வளர்த்த அரபு மண்ணில் இப்படியொன்று நேர்ந்தது வெட்கம்தான்.

அன்று ஒரு கபில நிறக் குதிரை மூன்றாம் சுற்றோடு நிறுத்தப்பட்டது. சொந்தக்காரர் தர்க்கித்துப் பார்த்தார், வைத்தியர் அசையவில்லை. அதைப் பராமரிக்கும் சூடான் நாட்டவர் நிழலுக்குக் கொண்டுபோய், நனைத்த புல்லை வாயருகே பிடித்தார். மூன்று முறை தலையைத் திருப்பிய பின்பே மென்றது. அரைமணி நேரம் சென்ற பிறகு உப்புத் தண்ணீர் வாளிக்குள் மெல்ல வாயை வைத்தது.