குருட்டுப் பூதம்

தனித்தனியே மிரட்டிய பேய்களுக்கு மவுசு குறையும்போது ஒன்றோடொன்றை மோத விடுவார்கள். யுனிவர்ஸல் ஸ்டூடியோ 1943இல் இதைச் செய்தது: ஃபிராங்கன்ஸ்டைனின் பூதத்துக்கும் ஓநாய் மனிதனுக்கும் சண்டை. சண்டை என்பது கடைசிச் சில நிமிஷங்கள்தான். அணை உடைந்து வெள்ளம் இருவரையும் கொண்டு போகிறது. ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டிய சிரமம் இல்லை. (சிக்கனத்தில் நம் விட்டலாச்சார்யா இன்னும் தேர்ந்தவர். 1978இல் வந்த ‘ஜகன்மோகினி’யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும். அதன் முன் இந்த அணை வெறும் ஆடம்பரம்.)

எண்பதுகளில் அம்பத்தூரில், வாடகைக்கு டெக் எடுத்து, பாதித் தெருவும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தது. பூதம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு தட்டுத்தடுமாறி வரும் நடைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்பா சிரிக்கவில்லை. முப்பது வருஷம் ஒரு பட்டறையில் வெல்டிங் பிடித்தவர். கறுப்புக் கண்ணாடி கிடைக்காத நாட்களிலும் பிடித்தவர். பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது. கண்ணுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டிருந்தார். திரைக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, ‘அதுக்குக் கண்ணு தெரியலடா’ என்றார்.

‘பேய்க்கு எதுக்குப் பெரியவரே கண்ணு’ என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கும் சிரிப்பு.

பல வருஷம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பூதமாக நடித்தவர் பேலா லுகோஸி, 1931இன் டிராகுலா. அப்போது அறுபது வயது. 1942இல் வந்த முந்தைய படத்தின் முடிவிலேயே பூதத்துக்குப் பார்வை போய்விடுகிறது. இந்தப் படத்தில் அது பேசியது. தன் குருட்டைப் பற்றியும் சொன்னது. காட்சிகளை எடுத்தும் முடித்திருந்தார்கள். லுகோஸியின் ஹங்கேரிய உச்சரிப்பைக் கேட்டு ஸ்டூடியோக்காரர்கள் சிரித்துவிட்டார்கள் என்று திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் சொல்லியிருக்கிறார். பூதத்தின் பேச்சு முழுவதும் வெட்டப்பட்டது. குருடு என்ற சேதியும் அதோடு போயிற்று. ஓரிடத்தில் உதடு மட்டும் அசைவதை இன்றும் பார்க்கலாம்.

லுகோஸிக்கு அந்த வேஷம் வரவில்லை என்றார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தப் படத்தில் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான். பின்னால் பூத வேஷம் கட்டியவர்கள் நல்ல கண்ணை வைத்துக்கொண்டு கையை நீட்டி நடந்தார்கள்.