ஆறப் பொறுக்காத கோடை

மே 27

பட்டமளிப்பு விழாவின் நாற்காலிகளை மடித்து வைத்த கையோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோடை வகுப்புகள் தொடங்கிவிடும். அவற்றில் மாணவர்களை அதிகம் மிரட்டுவது கரிம வேதியியல். மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தாண்டியே ஆகவேண்டிய பாடம் அது. ‘ஆர்கோ’ என்றும் ‘ஓகெம்’ என்றும் சுருக்கிக் கூப்பிடுவார்கள். பயப்படுகிற ஒன்றுக்குச் செல்லப்பெயர் வைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். 15 வாரம் நடக்கவேண்டிய ஒரு பருவப் பாடத்தைக் கோடையில் 5 அல்லது 6 வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பருவத்தையும் அடுத்தடுத்து எடுப்பவருக்கு ஓராண்டுப் படிப்பு ஆகஸ்ட்டுக்குள் தீர்ந்துபோகும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அந்நாட்டு ஒன்றிய அரசின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும். இப்படிச் சுமார் 15 வாரம். ஆக, கிரெடிட் ஒன்றுக்கு 45 மணி. ஆய்வகத்தையும் சேர்த்து 4 கிரெடிட் என்று வைத்தால் 180 மணி. 15 வாரத்தில் பரப்பினால் வாரத்துக்கு 12 மணி. 5 வாரத்தில் அடைத்தால் 36. கோடைப் பாடம் பற்றிய எச்சரிக்கைகள் எல்லாம் இந்த 36-லேயே நின்றுவிடுகின்றன: நேரம் போதாது, வேறு எதையும் தொடாதே, உட்கார்ந்து படி. எனக்கு அந்த எண் அவ்வளவு பயம் தரவில்லை. முழுநேர வேலையை விடக் கொஞ்சம் குறைவு, மனிதர்கள் செய்யக்கூடியதுதான். மொத்த மணிக்கணக்கு இரண்டு வகுப்புக்கும் ஒன்றே. குறைவது இரவுகள். 15 வாரத்தில் 105 இரவுகள், 5 வாரத்தில் 35. படித்ததில் பாதியை மறந்து, மறந்ததைத் திரும்பத் தேடி எடுத்து வருவதற்கான இடைவெளியைத்தான் கோடை தின்கிறது. தாக்குப்பிடிக்க விரும்புகிறவர் அந்த இடைவெளியை எங்கிருந்தாவது மீட்டாக வேண்டும்.

ஜூன் 1

மறதி எதிரி என்றால், மறக்க இடம் கொடுக்கும் இடைவெளி எப்படி நண்பனாகும்? கேட்கவேண்டிய கேள்விதான். ஹாரி பாரிக், எலிசபெத் ஃபெல்ப்ஸ் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறது. 50 ஸ்பானியச் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் மூன்று பிரிவு. முதல் பிரிவு எல்லாச் சுற்றையும் ஒரே நாளில் முடித்தது. இரண்டாவது ஒரு நாள் விட்டு, மூன்றாவது 30 நாள் விட்டு. எட்டு ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, ஒரே நாளில் முடித்தவர்களுக்கு 6 சதவீதமும், ஒரு நாள் விட்டவர்களுக்கு 8 சதவீதமும், 30 நாள் விட்டவர்களுக்கு 15 சதவீதமும் நினைவில் இருந்தன. இடைவெளியில் கொஞ்சம் மறந்து, அடுத்த சுற்றில் சிரமப்பட்டு மீட்டவர்களுக்குத்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

எட்டு ஆண்டுக் கதை எனக்கு எதற்கு, ஆறாவது வாரத்துத் தேர்வைத் தாண்டினால் போதும் என்று ஒரு மாணவர் சொல்லலாம். வரலாற்றுப் பாடமாக இருந்தால் அந்தப் பேச்சு செல்லும். கரிம வேதியியல் செங்கல் அடுக்கு மாதிரி. இரண்டாம் நாள் படித்த அமில வலிமை எண்கள் இல்லாமல் இருபதாம் நாள் வினைகள் நிற்காது. ஓர் உதாரணம்: முனையில் மும்மைப் பிணைப்புள்ள ஆல்கைனிலிருந்து புரோட்டானைப் பறிக்க சோடியம் ஹைட்ராக்சைடு உதவாது, சோடமைடு வேண்டும். ஏன்? நீரின் பிகேஏ, அதாவது அமில வலிமை எண், ஏறத்தாழ 16, ஆல்கைனுடையது 25, அம்மோனியாவுடையது 38. மூன்று எண் கையில் இருந்தால் விடை தானே விழும். இல்லாவிட்டால் அது இன்னொரு மனப்பாட வரி. ‘புரிந்தால் போதும், மனப்பாடமே வேண்டாம்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் பாதிதான் சரி. புரிதலுக்கும் கைவசம் நாலு எண் வேண்டும்.

ஜூன் 7

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு வலுவான சான்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. பாட்ரிசியா ஸ்காட்டும் கிளிஃப்டன் கான்ராடும் 1992-இல், செறிவான குறுகியகாலப் பாடங்களைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். அப்பாடங்களில் படித்தவர்கள் வழக்கமான பருவத்தில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் சமமாகவும், சில இடங்களில் மேலாகவும் தேறியிருந்தார்கள். அப்படியானால் இரவுகளின் எண்ணிக்கை பற்றிய என் கவலை வீண்தானே?

கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். ஒரே பாடத்தில் மூழ்கிக் கிடப்பதில் நிஜமான லாபம் உண்டு. இயற்பியல் வீட்டுப்பாடமும் கட்டுரையும் மல்லுக்கு நிற்காத கோடையில், நேற்று வினைவழிக்கு வரைந்த அம்புக்குறி இன்றைய வகுப்பு வரை மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கோடை வகுப்பில் சேருகிறவர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் அல்லர், தாமாக வந்தவர்கள். முடியும் என்று தம்மை நம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அதைவிட முக்கியம், தேர்வின் தேதி. கோடையில் கடைசிப் பாடத்துக்கும் தேர்வுக்கும் நடுவே சில நாள்தான், முதல் பாடத்துக்கும் தேர்வுக்கும் நடுவே ஒரு மாதம்தான். தேர்வுத் தேதி தீர்ப்பையே புரட்டிப்போடும் என்பதற்கு ரோடிகர், கார்பிக்கி இருவரின் 2006 ஆய்வைக் காட்டலாம். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களும் என இரு சாரார். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81-க்கு 75 சதவீதம் என்று முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்கள் 42-க்கு இறங்க, எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள். உடனே சோதித்தால் திணிப்புக்கு வெற்றி. ‘சமமாகத் தேறினார்கள்’ என்ற வரியைப் படிக்கும்போது ‘எப்போது கேட்டபோது?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஜூன் 12

இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் பலர் மூழ்குகிறார்கள். அங்கே நிற்பது பதிலீட்டு வினைகளும் நீக்கல் வினைகளும். நம் பிளஸ் டூ புத்தகத்தில் ‘கருக்கவர் பதிலீட்டு வினை’ என்று வரும் அதே பகுதிதான், எஸ்.என்.1, எஸ்.என்.2, ஈ1, ஈ2 என நான்கு வழிகள்.

2-ப்ரோமோபியூட்டேன் என்ற சாதாரண மூலக்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு கார்பன் சங்கிலி, இரண்டாவது கார்பனில் ஒரு ப்ரோமின். இதை அசிட்டோனில் கரைந்த சோடியம் அயோடைடோடு சேர்த்தால் அயோடைடு பின்புறமாக வந்து முட்டும், ப்ரோமின் முன்புறமாகக் கழன்று போகும், காற்றில் குடை மடங்குவதுபோல் கார்பனின் அமைப்பு தலைகீழாகும். இதுதான் எஸ்.என்.2. சோடியம் ப்ரோமைடு அசிட்டோனில் கரையாது என்பதால் குடுவையில் வெள்ளையாக வீழ்படியும். வினை நடக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். அதே மூலக்கூறை எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடோடு சூடாக்குங்கள். இப்போது எத்தாக்சைடு பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், இரட்டைப் பிணைப்பு உருவாகும், பெரும்பகுதி 2-பியூட்டீன் கிடைக்கும். எத்தாக்சைடுக்குப் பதில் பருமனான டெர்ட்-பியூட்டாக்சைடை வைத்தால், நடுவில் நுழைய இடமில்லாமல் ஓரத்து ஹைட்ரஜனை நாடும். 1-பியூட்டீனின் பங்கு கூடும். மூலக்கூறு ஒன்று, கூட்டாளி மாறும்போதெல்லாம் கதை வேறு.

பாடப்புத்தகம் இதை எப்படி வைக்கிறது? எஸ்.என்.2-க்கு ஓர் இயல், அதன் முடிவில் இருபது கேள்வி. நீக்கலுக்கு இன்னொன்று, அங்கும் இருபது. அந்த இருபதையும் மாணவர் சரியாகப் போட்டுவிடுவார், ஏனென்றால் விடையின் பாதியை இயலின் தலைப்பே சொல்லிவிட்டது. எது நடக்கும் என்று தீர்மானிக்கும் வேலை, அதாவது இந்தப் பாடத்தின் உயிர், அங்கே இல்லவே இல்லை. தேர்வுத்தாளுக்கு இயல் தலைப்பு கிடையாது. நன்றாகப் படித்தேன், எல்லாம் தெரிந்தது, தாளைப் பார்த்ததும் ஒன்றும் ஓடவில்லை என்று இந்தப் பாடத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பலில் பொய் இல்லை. தெரிந்தது உண்மை, தேர்ந்தெடுக்கத்தான் பழகவில்லை.

சொல்லும் பத்தியும் வைத்துச் செய்த சோதனைகள் தர்க்கம் உள்ள ஒரு பாடத்துக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் நான்கு விதக் கனவடிவங்களின் கொள்ளளவு காணப் பழகினார்கள். சிலருக்கு வகை வகையாகப் பிரித்துக் கணக்குகள், மற்றவர்களுக்குக் கலந்துகட்டி. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. கோடையின் அவசரம் மாணவரைத் தள்ளிக்கொண்டு போவது அந்த 89-ஐ நோக்கித்தான். இன்று ஓர் இயல், நாளை அடுத்தது. கலப்பதற்கு நாளே இல்லை. பயிற்சியில் தப்பே வராத நாள் நல்ல நாள் என்று தோன்றும். சந்தேகப்படவேண்டிய நாள் அது.

ஜூன் 15

பிற்பகல் ஆய்வகத்தில் முதலில் வரும் செய்முறைகளில் ஒன்று மறுபடிகமாக்கல். அழுக்கான அசிட்டனிலைடைக் கொதிநீரில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, ஆறவிட வேண்டும். மேசைமேல் சும்மா வைத்தால் பளபளக்கும் தகடுகளாகப் படிகம் இறங்கும். நேரமாகிறது என்று சூட்டோடு சூடாகப் பனிக்கட்டித் தொட்டியில் இறக்கினால் பொடியாகக் கொட்டும், அழுக்கையும் உள்ளே பொதிந்துகொள்ளும். உருகுநிலை பார்க்கும்போது 114 டிகிரிக்குக் கீழேயே இளக ஆரம்பித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அதுதான். உவமையைச் சான்றாக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் பாடமே தன்னைப் பற்றி இப்படிச் சொல்லும்போது எப்படி எழுதாமல் இருப்பது?

ஜூன் 20

சரி, 35 இரவில் என்னதான் செய்வது? இரவுகளைக் கூட்ட முடியாது, பகலுக்குள் இடைவெளிகளை வெட்டிக்கொள்ளலாம். காலை வகுப்பில் பார்த்த வினைவழியை மாலையில் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் அம்புக்குறியோடு வரைவது. மறுநாள் வகுப்புக்குப் போகுமுன் பத்து நிமிடம் மறுபடியும். மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. இயல் முடிவுக் கேள்விகளைத் தனித்தனித் துண்டுச்சீட்டில் தலைப்பில்லாமல் எழுதி, சீட்டுக்கட்டுபோல் குலுக்கி எடுப்பது. மஞ்சள் பேனாவால் வரி வரியாகக் கோடு போடுவதை முழுதாக விட்டுவிடலாம். அது படித்த திருப்தியை மட்டும்தான் தரும். வெள்ளைத்தாளில் முதல் தவறு தெரிந்துவிடும். அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், பலருக்கு அது புரோட்டானிலிருந்து கிளம்பும்; எலக்ட்ரானே இல்லாத ஒன்றிலிருந்து எலக்ட்ரானை எடுத்துத் தருகிற தாராளம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, நாளைய இயலே இன்னும் தொடவில்லையே என்பார்கள். இரவெல்லாம் கண்விழிப்பவர்களின் வாதம் அது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-லேயே காட்டினார்கள்: படித்துவிட்டுத் தூங்கியபோது, அதே நேரம் விழித்திருந்தபோது இருந்ததைவிட அதிகம் நினைவில் தங்கியது. இரண்டே பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். பின்னால் வந்த ஆய்வுகள் பெருமளவு அதே திசையில்தான் போயின. 105-இல் ஓர் இரவு போனால் தாங்கும், 35-இல் போனால் வலிக்கும்.

ஜூன் 28

இன்னொரு ஆட்சேபம் மீதி. மருத்துவர் யாரும் நோயாளி முன் எஸ்.என்.2 வரைவதில்லை, இது வெறும் வடிகட்டி, எப்படியாவது தாண்டிவிட்டு மறந்தால் என்ன? மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015-க்குப் பிறகு வேதி, இயற்பியல் பிரிவில் கரிம வேதியியலின் பங்கு 15 சதவீதம் அளவுதான். ஆனால் அதே பிரிவில் உயிர்வேதியியலுக்கு 25 சதவீதம், அதன் பாதிப் பேச்சு கரிம வேதியியலின் மொழி. உடல் சர்க்கரையை உடைக்கும் பாதையில் ஆல்டோலேஸ் என்ற நொதி செய்வது, ஜூலையில் படிக்கும் ஆல்டால் வினையைப் பின்னோக்கி ஓட்டுவதுதான். மறந்தவர் அதை மறுபடி புதிதாகக் கற்க வேண்டும்.

வடிகட்டி என்பதை நான் மறுக்கவில்லை. 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்தை நடத்திய மெய்ட்லண்ட் ஜோன்ஸின் வகுப்பில் சுமார் 350 பேரில் 82 பேர் மனு கொடுத்து, பின்பு அவர் ஒப்பந்தம் முடிக்கப்பட்டபோது, பாடம் கடினமா, மாணவர்கள் சோம்பலா என்று நாடே வாதிட்டது. அது முழுநீளப் பருவம். கோடையில் அந்த வடிகட்டி வேறொன்றையும் சேர்த்து அளக்கிறது: வாரத்துக்கு 36 மணியை யாரால் ஒதுக்க முடியும் என்பதை. உணவகத்தில் 20 மணி நேரம் பரிமாறிவிட்டு வருகிற மாணவருக்குக் குறைவது அறிவு இல்லை. அவருக்கு வெட்டிக்கொள்ளப் பகலும் மிஞ்சவில்லை. என் யோசனைகள் அவருக்குப் பாதிதான் உதவும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு 15 வாரப் பாடமே நல்லது. சேர்க்கைக்கு முன்பே இந்தக் கணக்கைப் பல்கலைக்கழகங்கள் அவர் கையில் கொடுத்தால் நல்லது.

ஜூலை 4

சுதந்திர தினம். வகுப்பு இல்லை. பல இடங்களில் முதல் பாதி முடிந்து இரண்டாம் பாதி தொடங்கும் நேரமும் இதுதான். பிந்திப்போன இயலை இன்று எட்டிப்பிடிக்கத் தோன்றும். அதைவிட மூன்று வாரமாகத் தொடாத சீட்டுகளை எடுப்பது லாபம். கோடை தானாகத் தருகிற நீளமான இடைவெளி அவற்றில்தான் சேர்ந்திருக்கிறது. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஓராண்டுப் பாடத் தேர்வில் 70 கேள்விக்கு 110 நிமிடம், கேள்விக்கு ஒன்றரை நிமிடம் சொச்சம், எல்லாம் கலந்தபடி. பத்துச் சீட்டைக் குலுக்கி எடுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டால், நான்கோ ஐந்தோ தப்பும். தப்பியவற்றைத் தனியே கட்டி வைத்துவிட்டு, வாணவேடிக்கை பார்க்கப் போகலாம். அவற்றை ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் போதும்.