இதயத்தின் கதவுகள்

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றை அடுத்து எங்கள் தந்தையாருக்கு ஒரு சிறு வாழைத் தோட்டம் இருந்தது. மோட்டார் ஓடியும் கிணற்றுத் தண்ணீர் மேலேறாவிட்டால், "புட் வால்வு பிடிக்கவில்லை" என்பார். நீரை மேலே ஏறவிட்டுக் கீழே திரும்பவிடாமல் தடுக்கும் அச்சிறு கதவு பழுதானால், எத்துணை நல்ல மோட்டாரும் பயனற்றதே. இவ்வுண்மை மனித உடலுக்கும் பொருந்தும் என்பதை எங்கள் தங்கையின் நோயின் வாயிலாகவே நாங்கள் கற்றோம்.

அவளுக்குப் பத்து வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டன. சில வாரங்களில் முழங்கால் வீங்கியது. அது வடியுமுன் கணுக்கால் வீங்கியது. அம்மிச்சி பற்றுப் போட்டார். வீக்கம் வடிந்தது, நாங்களும் மறந்துவிட்டோம். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1997-இல், தலைப்பேற்றுக்காக வீட்டுக்கு வந்திருந்தவள், பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்தாள். கோவையில் அவளைச் சோதித்த மருத்துவர், "சிறுவயதில் மூட்டு வீங்கியதுண்டா?" என்று வினவினார். நாங்கள் தலைகுனிந்தோம்.

அவர் பொறுமையுடன் விளக்கினார். இதயம் கைம்முட்டி அளவேயான தசை உறுப்பு. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள் அதில் உண்டு. வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே தூய்மை பெற்றுத் திரும்பும் இரத்தத்தை இடப்பக்கம் உடலெங்கும் செலுத்துகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடித்து, ஓய்விலும் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அது பின்னோக்கிப் பாயாமல் காப்பவை நான்கு வால்வுகள். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வலத்தில் மூவிதழ் வால்வு, இடத்தில் ஈரிதழ் வால்வு. கீழறைகளிலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்களின் வாயிலில் மற்ற இரண்டு. நாம் கேட்கும் 'லப் டப்' ஓசை இக்கதவுகள் மூடும் ஓசையே. ஈரிதழ் வால்வு ஆயர்கள் அணியும் 'மைட்டர்' என்னும் முடியை ஒத்திருப்பதாக 16-ஆம் நூற்றாண்டில் வெசாலியுஸ் என்னும் உடற்கூற்று அறிஞர் கண்டார். எனவே அது 'மைட்ரல்' எனப் பெயர் பெற்றது.

எங்கள் தங்கைக்குப் பழுதாகியிருந்தது அந்த வால்வுதான். தொண்டையில் புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியை எதிர்க்க எழும் உடலின் காவற்படை, சிலருக்கு வழிதவறி மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு நலம்பெறும், வால்வோ தழும்பேறித் தடிக்கும். அதன் இதழ்கள் ஒட்டிக்கொண்டு, முழுதும் திறவாமலும் மூடாமலும் போகும்.

குழந்தை பிறக்கும்வரை மருந்துகளால் அவளைக் காத்து, பின்னர் மாற்று வால்வு பொருத்தினர். அது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான இந்திய வால்வு. முந்தைய மாதிரிகள் தோற்றும் மனந்தளராமல் உழைத்து, 1990 டிசம்பரில் அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோக வளையத்துள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தகடு, அவ்வளவே! ஆயினும், இரத்தம் அதில் உறையாதிருக்க அவள் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய இரவு, அவளருகே அமர்ந்திருந்த எங்களுக்கு மெல்லிய 'டிக் டிக்' ஒலி கேட்டது. தந்தையார் செவிசாய்த்துக் கேட்டார். "வால்வு பிடித்துவிட்டது" என்றார், கண் கலங்கினார்.

பெற்றோரே, ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது. பிள்ளைகளுக்குக் காய்ச்சலுடன் தொண்டை வலி கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தரும் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். மூட்டு வீங்கினால் பற்றுப் போட்டு மறந்துவிடாதீர்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானால், மீண்டும் வராதிருக்க 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை மருத்துவர் பல்லாண்டு போடச் சொல்வார். ஒரு தவணையும் தவறலாகாது. அன்று எங்களுக்கு இதனைச் சொல்ல ஆளில்லை. இன்று உங்களுக்கு நாங்கள் சொல்லிவிட்டோம்.