தூணில்லாத இம்பாலா

சித்தூர்
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் பார்த்தேன் என்றாயே, சிவப்பு பெயின்ட் அடித்த இம்பாலா, அது வேண்டாம். நம் ஊரில் ஒரு வீட்டு ஷெட்டில் தூசி படிந்து நிற்கிற 1965 ஷெவர்லே இம்பாலா ஹார்ட்டாப்பையே எடு. அந்த வீட்டுக்குப் போய், பானட்டைத் திறந்து, அடியில் படுத்து, அரைநாள் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை வண்டி ஜம்மென்று ஓடுகிறது, இதுவோ ஸ்டார்ட்கூட ஆகவில்லை, மாமா ஏன் இப்படிச் சொல்கிறார் என்று நினைப்பாய். அந்த வண்டி ஓடுவது டீசல் எஞ்சினில். 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது, லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது என்றிருந்த அமெரிக்க வண்டிகளை வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, பெர்கின்ஸ் டீசலையோ, பின்னாளில் மெட்டடார் வேன் எஞ்சினையோ ஏற்றினார்கள். பல வண்டிகள் உடைசலுக்குப் போகாமல் தப்பியதே அதனால்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்றைக்கு அது உனக்கு உதவாது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் ஏறிய வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்காது. பழைய எஞ்சினுக்கு ஈடாக இன்னொன்றைத் தேடிப் பொருத்தப் போனால் வண்டி விலையையே மிஞ்சிவிடும்.

ஷெட்டில் நிற்பதில் இருப்பது அது பிறந்தபோது வந்த எஞ்சின். ஆறு சிலிண்டர், 3.8 லிட்டர். வி-8 இல்லையே என்று வருந்தாதே. இந்த ஆறு சிலிண்டர் எளிமையான எஞ்சின், நம் ஊர் மெக்கானிக் கைக்கு அடங்கும். பிளக் ஆறையும் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, பெல்ட்டை அழுத்திப் பிடித்தபடி விசிறியைத் திருப்பினேன். இறுகவில்லை, முழுச் சுற்று வந்தது. எனக்கு அந்த நிமிஷம் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

உன் மனம் ஏன் ஹார்ட்டாப்மேல் போனது என்று எனக்குத் தெரியும். நான்கு கண்ணாடியையும் இறக்கினால் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே தூணே கிடையாது. கூரை மட்டும் தலைக்குமேல் நிற்கும். 1949-ல் ப்யூக், காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் இரண்டு கதவில் ஆரம்பித்து வைத்தன. 1955-ல் ப்யூக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் அதையே நான்கு கதவிலும் செய்துகாட்டின. 1965 இம்பாலா அந்த ஒரே வருஷத்தில் பத்து லட்சத்துக்குமேல் விற்றது. அதனால்தான் அதற்கு இன்றும் ரப்பர், பிரேக் சாமான் எல்லாம் அமெரிக்காவில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அங்கேயும் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்கள் இரண்டு கதவு வண்டிக்கும் மடக்குக் கூரை வண்டிக்கும்தான் அடித்துக்கொள்கிறார்கள். நான்கு கதவு ஹார்ட்டாப் விலை குறைவு. கையைக் கடிக்காமல் இந்த அழகு வேண்டுமென்றால் நான்கு கதவுதான் சரி. அக்காவும் முழங்காலை மடக்கச் சிரமப்படாமல் பின்சீட்டில் ஏறி உட்காரலாம்.

வெளிநாட்டிலிருந்தே இறக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். சுங்க வரி வண்டி விலையையே தாண்டிவிடும். அந்த யோசனையை விட்டுவிடு.

இந்த வண்டி இங்கே வந்த கதையையும் கேள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் ஷெவர்லே பூட்டி விற்றுவந்தது. 1954-ல் மூடிவிட்டுப் போய்விட்டது. பிறகு வந்த இம்பாலாக்கள் பெரும்பாலும் தூதரகங்களுக்கு வந்தவை. அதிகாரிகள் ஊர் திரும்பும்போது அவற்றை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலம் விடும், சினிமாக்காரர்களும் வசதி உள்ளவர்களும் எடுப்பார்கள். சித்தூர் வண்டியும் டில்லியிலிருந்து அப்படி வந்ததுதான். வீட்டுக்காரர் ஏலக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார். தூதரகத்துக்கு வந்த வண்டி என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம். பயப்படாதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ம் பிரிவுப்படி இன்டிகேட்டர் ஒழுங்காக வேலை செய்தால் ஓட்டலாம்.

தூண் இல்லாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அல்ல, பாடி. முன்கதவுக் கண்ணாடியும் பின்கதவுக் கண்ணாடியும் ஏற்றியதும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் செங்குத்தாக ஒரு ரப்பர் பீடிங் இருக்கும். அங்கே ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துக் கண்ணாடியை ஏற்றி இழுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் இறுக்கமாகப் பிடித்தது, வலப்பக்கம் நழுவி வந்துவிட்டது. மழை பெய்தால் வலப்பக்க சீட் நனையும். பீடிங் மாற்றினால் சரியாகிவிடும். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவுகளைத் திறந்து மூடினேன். நான்கும் உரசாமல் மூடின. சேசிஸ் தொய்யவில்லை என்பதற்கு எனக்கு அது போதும். துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க ஓட்டினேன். பின்சக்கரத்துக்குமேல் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. அங்கே பட்டி வைத்திருக்கிறார்கள். பின்கண்ணாடியின் அடி ஓரம் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கிற இடம், அதுவும் சுத்தமாக இருக்கிறது. சென்னையில் உப்புக் காற்று தகட்டைத் தின்றுவிடும். நம் ஊர் வறண்ட காற்றுதான் இந்த வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. சிவப்பு வண்டியில் பெயின்டுக்கு அடியில் எவ்வளவு டிங்கரிங் வேலை ஒளிந்திருக்கிறதோ, எனக்கு அதை நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

செலவை எங்கே முதலில் செய்வது என்று சொல்கிறேன். பெயின்டில் கை வைக்காதே. மங்கியிருந்தாலும் அது தொழிற்சாலையில் அடித்தது, அதற்குத்தான் மதிப்பு. முதல் பணம் பிரேக்குக்கு. நான்கு சக்கரமும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஷெவர்லே 1967-ல்தான் இரட்டை வழி வைத்தது. அடுத்த பணம் பெட்ரோல் போகும் பாதைக்கு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் அது கெடுத்துவிடும். டாங்கை இறக்கிக் கழுவி, குழாய் முழுவதையும் மாற்றச் சொல். சில்லறைச் சாமானுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டையும் புதுப்பேட்டையையும் ஒரு சுற்று சுற்றிப் பார். பாட்டரி பற்றிக் கவலையே இல்லை, சாதாரண 12 வோல்ட். உன் ஊர்ப் பக்கம் கரக்கம்பாடியிலேயே அமர ராஜா கம்பெனிக்காரர்கள் செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வண்டி தயாரானதும் திருமலைக்கு ஏற்ற ஆசைப்படுவாய். ஏற்றாதே. இறங்குகிற பாதை 1944-ல் திறந்த பழைய மலைப்பாதை, வளைவுக்குமேல் வளைவு. கனமான வண்டி, டிரம் பிரேக், சூடேறினால் பிடிக்காது. மலையடிவாரத்து அலிபிரியில் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வா.

விண்டேஜ் பதிவு பற்றியும் யோசி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நம்பரில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து ‘விஏ’ என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல், ரிப்பேர் இவற்றுக்கு மட்டும்தான். நீ ஆபீசுக்கு ஓட்டப்போவதில்லையே. மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டரிங் கிளப்காரர்கள் நடத்துகிற ராலிக்குப் போ, அங்கே இருப்பவர்களிடம் பேசு. அதற்கு முன்னால் கோவை ஜீடீ கார் மியூசியத்தையும் வடபழனி ஏ.வி.எம். ஹெரிட்டேஜ் மியூசியத்தையும் பார்த்துவிடு. அசல் வண்டி எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகும்.

இனி பாக்கி இருப்பது காகிதம் மட்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நாம் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச்சும் எமரி பேப்பரும் எடுத்துக்கொண்டு வா. நம்பர் ஒத்துப்போகாவிட்டால் இந்த வண்டியையும் விட்டுவிடு. அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் மாமா