பீனிசம்

அப்பாவின் கருமக்கிரியை முடிந்து ஒரு மாதம் இருக்கும். அம்மா அலமாரியிலிருந்து அவருடைய நீலச் சட்டையை எடுத்து என் முகத்தருகே நீட்டினார். “இன்னும் துவைக்கல. அவரு வாசம் அப்படியே இருக்கு பாரு.” மோந்து பார்த்தேன். தைலமும் லாரி டீசலும் கலந்து வந்திருக்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை. “ஆமாம்மா” என்றேன்.

வாசம் எப்போது போனதென்று எனக்கே தெரியாது. பள்ளிக் காலத்திலிருந்தே காலையில் தும்மல், மூக்கடைப்பு. தோட்டத்தில் வளர்ந்த பாட்டி இதைப் ‘பீனிசம்’ என்பார், ஆவி பிடிக்கச் சொல்வார். நானோ ஃபார்மசியில் வாங்கிய, அடைப்பைச் சட்டென்று திறக்கும் ஸ்பிரேயை 8 மாதமாக அடித்துக்கொண்டிருந்தேன். வேலை ஷா ஆலாமில், ஏர்கோன் பராமரிப்பு. ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறையும் என்று ஊருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன்.

மறுவாரம்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். மெல்லிய கேமராக் குழாயை மூக்கில் விட்டுத் திரையில் காட்டினார். வாசனையை உணரும் நரம்பு முனைகள் மூக்கின் உச்சியில், ஒரு குறுகிய இடுக்கில் இருக்கின்றன. என்னுடையது வீங்கி மூடிக்கிடந்தது. 12 வாரத்தைத் தாண்டினால் அது வெறும் சளி இல்லை, நாள்பட்ட அழற்சி. அந்த ஸ்பிரே ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், அதன் வேகம் இறங்கியதும் திசு மறுபடி வீங்கும். “அடைப்புக்காக அடிக்கிறீங்க, அடிக்கிறதாலயே அடைக்குது” என்றார்.

புதிதாகத் தந்த ஸ்டீராய்டு ஸ்பிரே வாரக்கணக்கில் அடித்தால்தான் வேலை செய்யும். அதையும் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டுமாம். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் கலந்து மூக்கைக் கழுவுகிறேன். தலையணை உறையை வாராவாரம் வெந்நீரில் துவைக்கிறேன். தூசிப்பூச்சிக்கு நம் ஊர் ஈரப்பதம் சொர்க்கம். பழைய ஸ்பிரேயை விட்ட முதல் வாரம் உட்கார்ந்தே தூங்கினேன். அதைப் பற்றி வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆறாவது வாரம், டுரியானுக்குத் தடை போட்டிருந்த லிஃப்ட்டில் டுரியான் வாசம் மங்கலாக வந்தது. அம்மா தாளிக்கும் கறிவேப்பிலை இன்னும் வரவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்க முடிச்சுப் போட்டு, அலமாரியின் அடித்தட்டில் வைத்தார்.

“வந்ததும் சொல்லு. அதுவரைக்கும் நானும் திறக்க மாட்டேன்.”