முயலின் கடைசிக் குரல்

முயல் தன் வாழ்நாளில் அநேகமாகக் குரலெழுப்புவதே இல்லை. பருந்தின் நகமோ நரியின் பல்லோ பட்ட பிறகுதான் அதற்கு அப்படியொரு தொண்டை இருப்பதே வெளியே தெரிகிறது. கைக்குழந்தை வீறிடுவதற்கும் எண்ணெய் காணாத கீல் கிறீச்சிடுவதற்கும் இடைப்பட்ட அந்த ஓலத்தைப் பதிவு செய்து, ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுள்ள பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். கயோட்டி வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் வாங்குவது அந்தப் பெட்டியைத்தான். நாங்கள் இருவரும் பணம் போட்டு ஒன்று வாங்கினோம். ஆஸ்டினில் வீட்டுக் கூடத்தில் வைத்து ஒலிக்கவிட்டபோது பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைத்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கயோட்டிக்குத் தமிழில் பெயரில்லை. நரி என்றால் நம் கண்முன் வருவது வேறொன்று. இது ஓநாய்க்கும் குள்ளநரிக்கும் நடுவே நிற்கிற பிராணி. டெக்சாஸில் 11 முதல் 16 கிலோ வரை எடையிருக்கும். நவாட்டில் மொழியின் 'கொயோட்ல்' என்ற சொல் ஸ்பானியம் வழியாக வந்து இப்படியாயிற்று. 1823இல் தாமஸ் சே இதற்கு அறிவியல் பெயரிட்டபோது 'குரைக்கும் நாய்' என்ற பொருள்பட லத்தீனில் இட்டார். அதற்குப் பிறகு அமெரிக்க அரசு இதை ஒழிக்கச் செய்யாததில்லை: பொறி, விஷம், விமானத்திலிருந்து துப்பாக்கிச் சூடு. ஓநாயை அப்படி ஒழிக்க முடிந்தது. ஓநாய் விட்டுச் சென்ற இடத்தில் கயோட்டி பரவி, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. இரண்டே கயோட்டிகள் மாறி மாறி ஊளையிட்டால் ஒரு பட்டாளமே சூழ்ந்துகொண்டதைப் போலிருக்கும். முதல் இரவில் நாங்கள் எட்டு என்று எண்ணினோம். இரண்டுதான் என்றார் பெரியவர்.

பெரியவர் என்று நாங்கள் குறிப்பிடுபவர் சான் ஆஞ்சலோவுக்கு மேற்கே ஆடு வளர்ப்பவர். தீபாவளிக்குக் கறி வாங்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். வெள்ளை வெளேரென்று இரண்டு பிரனீஸ் காவல் நாய்களும் ஒரு கழுதையும் மந்தையோடு இருந்தும், ஒரு வசந்த காலத்தில் பதினேழு குட்டிகளை இழந்திருந்தார். மேற்கு டெக்சாஸ் ஒரு காலத்தில் செம்மறிகளின் தேசம். 1940களில் மாநிலத்தில் ஒரு கோடிக்கும் மேல் இருந்தன, இன்று பத்து லட்சத்துக்கும் குறைவு. அந்த வீழ்ச்சியைக் கயோட்டியின் கணக்கில் எழுதுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். செயற்கை இழைகள் வந்ததும், கம்பளிக்கான அரசு மானியம் 1990களில் நின்றதும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பது எங்கள் எண்ணம். அதை அவரிடம் சொல்வதில்லை. பதினேழு குட்டிகளைப் புதைத்தவரிடம் சொல்லக்கூடிய செய்தியல்ல அது.

அழைத்துக் கொல்வது புதிய கலையல்ல. நம் நரிக்குறவர்கள் பெட்டியும் பாட்டரியும் இல்லாமல் தொண்டையாலேயே நரியை வரவழைத்தவர்கள். பின்னாளில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றமாயிற்று. டெக்சாஸில் 1950களில் மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்ன்ஹாம் சகோதரர்கள் வாயால் ஊதும் அழைப்பான்களைத் தபாலில் விற்றார்கள். அடுத்த பத்தாண்டில் வேக்கோ நகரத்து ஜானி ஸ்டூவர்ட், உண்மையான விலங்குகளின் ஓலங்களைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். காட்டுக்குள் கிராமபோனைச் சுமந்துகொண்டு போனவர்களை நினைத்தால் எங்கள் ரிமோட் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேட்டைக் கல்வி வகுப்பை முடித்து, உரிமம் வாங்கி, ஒரு டிசம்பரில் முதல் முறை போனோம். விடியும் முன் மெஸ்கீட் மரத்தடியில் உட்கார்ந்து வெளிச்சத்துக்குக் காத்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் திகைப்பாக இருந்தது. மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்தின் நேர் பங்காளி. தரையில் சப்பாத்திக்கள்ளி. இராமநாதபுரத்தில் குளிரடித்தால் எப்படியிருக்குமோ அப்படி.

ஓரிடத்தில் உட்கார்ந்து அழைத்துப் பார்ப்பதற்கு 'ஸ்டாண்ட்' என்று பெயர் (முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலைக்கு இந்தப் பெயர் ஏன் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை). முதுகுக்குப் பின்னால் சூரியன், முகத்தில் காற்று, ஐம்பது கஜம் தள்ளிப் புதரடியில் பெட்டி. முதலில் மெல்லிய ஒலி, அருகே ஏதேனும் இருந்தால் மிரண்டுவிடக் கூடாதே என்று, பிறகு உரக்க. பதினைந்து இருபது நிமிடங்கள். வராவிட்டால் எழுந்து ஒரு மைல் தள்ளிப் போய் மறுபடி. இரண்டு பயணங்களில் ஒன்பது ஸ்டாண்டுகள். வந்தவை ஒரு பருந்தும் நான்கு பசுக்களும்.

காற்றுதான் பாடம் முழுவதும். கயோட்டி காதால் கேட்கிறது, ஆனால் மூக்கால்தான் நம்புகிறது. ஓலம் வந்த திசைக்கு நேராக ஓடிவராமல், பெரிய வட்டமடித்து, காற்று அந்த இடத்தைக் கடந்து தன்னை நோக்கி வீசும் பக்கத்துக்குப் போய் மோந்து பார்க்கும். முயலின் வாடையோடு மனித வாடையும் வந்தால், நாம் பார்ப்பதற்கு முன்பே போய்விடும். மழைக்கு மறுநாள் எழுந்து திரும்பி நடந்தபோது, ஈர மணலில் எங்கள் காலடித் தடத்தின் மேலேயே ஒரு புதிய பாதத் தடம் பதிந்திருந்தது. இருபதடி பின்னால், ஒரு ஜூனிப்பர் புதர் ஓரத்தில், அது நின்றிருக்கிறது. இரண்டு முதுகுகளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அன்றிலிருந்து எங்களில் ஒருவர் பெட்டியைப் பார்ப்பதும் மற்றவர் காற்றுப் போகும் திசையைப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

ஜனவரியில் ஒன்று வந்தது. சாம்பலும் செம்மையும் கலந்த உடல், தரையோடு தாழ்ந்த ஓட்டம். எங்களைப் பார்க்கவில்லை, அதன் கண் முழுக்கப் பெட்டியில் இருந்தது. இரண்டு காதுகளையும் முன்னால் குவித்து, ஒரு காலைத் தூக்கியபடி, குரல் இருக்கிறது முயலைக் காணோமே என்ற குழப்பத்தோடு நின்றது. வாயால் ஒரு முறை குரைத்தால் ஓடுகிற கயோட்டியும் ஒரு கணம் நிற்கும் என்று படித்திருந்தோம். இங்கே அதற்கும் தேவையிருக்கவில்லை. சுட்டவர் எங்களில் யார் என்பதை எழுதப் போவதில்லை, இருவரும் சேர்ந்தே போனோம். அது விழுந்த பிறகும் பெட்டி ஓலமிட்டுக்கொண்டே இருந்தது. ரிமோட் யார் கையில் என்று இருவருக்குமே உடனே நினைவு வரவில்லை.

பெரியவர் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். இளசு, ஊர் சுற்றி, இது என் குட்டிகளைத் தொட்டிருக்காது என்றார். அவர் அனுபவத்தில் சொன்னதை ஆய்வுகளும் சொல்கின்றன. கலிபோர்னியாவின் ஹாப்லண்ட் ஆய்வு நிலையத்தில் 1990களில் கண்டது: ஆடுகளைக் கொல்பவை பெரும்பாலும் அந்த நிலத்தைத் தன்னுடையதாகக் கொண்டு குட்டி போட்ட ஜோடிகள். யூட்டாவில் கருத்தடை செய்யப்பட்ட ஜோடிகள் ஆட்டுக்குட்டிகளைக் குறைவாகவே கொன்றன. ஆக, வீட்டில் வாய்கள் இருப்பதால்தான் அவை மந்தைக்கு வருகின்றன.

மே மாதம் அவர் கேட்டது அந்த ஜோடியை. அதற்கான ஒலியும் எங்கள் பெட்டியில் இருந்தது: கயோட்டிக் குட்டி வலியில் அலறும் ஒலி. முயலின் ஓலத்துக்குப் பசித்தது வரும், பசியில்லாதது படுத்திருக்கும். குட்டியின் அலறலுக்கு, பொந்தில் குட்டி வைத்திருக்கும் ஜோடி காற்றைக்கூடச் சோதிக்காமல் நேராக ஓடிவரும் என்கிறார்கள். அழைக்கப்படுவது வயிறு அல்ல.

அன்றிரவு நாங்கள் நெடுநேரம் பேசினோம். குரல் எதுவானால் என்ன, முடிவு ஒன்றுதானே என்றார் எங்களில் ஒருவர். ஜனவரியில் தவறான பிராணியைச் சுட்டதற்கு இது மேல், குறைந்தபட்சம் ஆட்டைக் கொல்வது இது என்றாவது தெரியும். வேண்டாமென்றால் அதன் விலையை நாம் கொடுக்கப் போவதில்லை, பெரியவர் கொடுப்பார். மற்றவரால் இதில் எதையும் மறுக்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் பொத்தானைத் தன் விரல் அழுத்தாது என்றார். பெற்றோர் இருவரும் போனால் பொந்தில் இருப்பவை என்னவாகும் என்று பெரியவரிடம் கேட்டோம். பொந்தைத் தேடிக் கண்டுபிடிப்பேன், அவற்றைப் பட்டினியில் விடுவது முறையல்ல என்றார். அவர் குரலில் கடுமை இருக்கவில்லை.

விடிகாலையில் பெட்டியை அவரிடம் கொடுத்தோம். தனியாகப் போனார். வீட்டு முற்றத்தில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அந்த அலறல் லேசாகக் கேட்டது. காவல் நாய்கள் இரண்டும் எழுந்து நின்றன. நான்கைந்து நிமிடங்களுக்குள் இரண்டு வெடிச் சத்தங்கள்.

ஜூன் முழுக்க ஒரு குட்டியும் போகவில்லை என்று செய்தி அனுப்பினார். ஆகஸ்டில் ஓடைக்கு அந்தப் பக்கம் வேறொரு ஜோடி ஊளையிடத் தொடங்கியிருக்கிறதாம். அக்டோபரில் வரச் சொல்லியிருக்கிறார். பெட்டியிலிருந்து அந்த ஒலியை அழித்துவிடலாம் என்கிறார் எங்களில் ஒருவர். பெரியவர் மறுபடி கேட்டால் என்ன சொல்வாய் என்கிறார் மற்றவர்.